அத்தியாயம் 4: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வெளிநாட்டு வேலைக்கு ஆள் தேடும் தரகர் பெரும்பாலும் சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில்தான் வருவார். கடைக் கடன் ஏறியிருக்கும், நுண்கடன்காரர் வாசலில் நிற்பார், பிள்ளைக்கு சப்பாத்து வாங்க வேண்டியிருக்கும். லயத்துப் படியில் உட்கார்ந்து தேநீரை வாங்கிக்கொண்டு அவர் சொல்வதும் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான்: "அக்கா, விசா ரெடியா இருக்கு. வீட்டுல ரெண்டே பேருதான், பிள்ளைகூட இல்ல. நீங்க அஞ்சு சதம் தர வேணாம், நாங்கதான் உங்களுக்குத் தருவோம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ தலவாக்கலையிலோ இந்தப் பேச்சைக் கேட்காத லயம் குறைவு. போவதா, இருப்பதா என்பதை முடிவு செய்யப்போவது நீங்கள்தான். அந்த முடிவை வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காமல், ஒரு கொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு எடுப்பது எப்படி என்பதை மட்டும் இந்த அத்தியாயம் சொல்லும். அதிகம் கேட்கப்படும் வீட்டுப் பணிப்பெண் வேலையை வைத்தே பேசுகிறோம். சாரதி, காவலாளி, துப்புரவு, கட்டட வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் அதே கணக்குதான்.

1. முற்பணம்: பழைய துண்டின் புதிய பெயர்

நம் முன்னோரைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்த கங்காணியும் முதலில் பணம் கொடுத்தவர்தான். வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும் அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டன. அந்தக் கடனைக் காட்டும் காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டம் துண்டிலுள்ள தொகையைக் கட்டி ஆளை எடுக்க வேண்டும். ஆள் போகும் இடமெல்லாம் கடனும் கூடவே போனது. 1921 இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இன்று மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏஜென்சி கொடுக்கும் முற்பணம் துண்டைப்போலவே வேலை செய்கிறது. அந்தப் பணத்தை வெளிநாட்டு முதலாளி கட்டிய தொகையிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். நீங்கள் ஒப்பந்தக் காலத்துக்கு முன் திரும்பினால் "வாங்கினதைக் கட்டு" என்ற பேச்சு வரும். அங்கே அடி விழுந்தாலும் சம்பளம் வராவிட்டாலும் வீட்டார் உங்களைக் கூப்பிட்டுக்கொள்ளப் பயப்படுவதற்கு இந்தப் பணம் ஒரு பெரிய காரணம்.

ஆகவே முற்பணம் தந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். எவ்வளவு, எதற்காக என்று எழுதிய ரசீதை ஏஜென்சியின் பெயரிலேயே கேளுங்கள். எந்த நிலையில் திருப்பிக் கேட்பார்கள், எந்த நிலையில் கேட்கமாட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் 3 மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். நகை மீட்கவோ கூரைத் தகரம் வாங்கவோ அதைச் செலவழித்துவிட்டால், நடுவில் திரும்பி வரும் வழியையும் சேர்த்துச் செலவழித்ததாகும்.

2. வேலை உண்மையானதா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை மேற்பார்வை செய்வது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. ஊரில் "பீரோ" என்றால் அதுதான். அதன் உரிமம் பெற்ற ஏஜென்சி மட்டுமே ஆள் சேர்க்கலாம். லயத்துக்கு வரும் தரகருக்கு அந்த உரிமம் கிடையாது. அவர் தெரிந்தவராக இருக்கலாம், சொந்தக்காரராகக்கூட இருக்கலாம். ஆனால் நாளைக்குப் பிரச்சினை என்றால் பதில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையதல்ல. அவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- ஏஜென்சியின் பெயரும் உரிம இலக்கமும் என்ன? உரிமம் இந்த வருடத்துக்கும் செல்லுமா?
- இந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்த இலக்கம் என்ன? எந்த நாடு, எந்த வேலை, என்ன சம்பளம் என்று அதில் இருக்கிறது?
- விசா எந்த வகை? வேலை விசாவா, வருகை விசாவா?
- விமானத்தில் ஏறுமுன் பணியகத்தில் பதிவு செய்வீர்களா?

பதில்களை எழுதிக்கொண்டு 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது பணியகத்தின் அவசரத் தொலைபேசி. உரிம இலக்கத்தையும் அனுமதி இலக்கத்தையும் சொன்னால் உண்மையா என்று கேட்டுக்கொள்ளலாம். இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. "அங்கெல்லாம் போன் பண்ணினா விசா கான்சலாயிரும்" என்று தரகர் பயமுறுத்தினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வருகை விசாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 இல் நாடு பணநெருக்கடியில் இருந்தபோது பல பெண்கள் வருகை விசாவில் துபாய் வழியாக ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கைமாற்றப்பட்டு, கடைசியில் மஸ்கட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் அடைக்கலம் தேடினார்கள். வருகை விசாவில் போகிறவர் அந்த நாட்டின் ஏட்டில் தொழிலாளி ஆகமாட்டார். பணியகத்தின் ஏட்டிலும் அவர் இல்லை, காப்புறுதியும் இல்லை. "அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்கிறவர் அங்கே உங்களோடு வரப்போவதில்லை.

அடையாளப் பத்திரங்களிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, திருமணப் பதிவில் இன்னொன்று என்று இருப்பது சாதாரணம். திருத்த வேண்டியதைப் பிரதேச செயலகத்திலும் பதிவாளரிடமும் போய் நீங்களே திருத்துங்கள். "நாங்க பார்த்துக்கிறோம்" என்று தரகர் கையில் கொடுத்தால் பெயரோடு வயதும் மாறலாம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 இல் 17 வயதில் சவூதிக்குப் போனார். பாஸ்போர்ட்டில் அவருடைய வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்த வழக்கில் அவருக்கு மரண தண்டனை கிடைத்தது. சிறுமி என்று இலங்கையிலிருந்து எவ்வளவு வாதாடியும் பலனில்லை. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தண்டனை நிறைவேறியது. பொய் வயது எழுதியவர்கள் இங்கே இருந்தார்கள். அதன் விலையை அங்கே கட்டியது அந்தப் பிள்ளை.

3. இரு பக்கக் கணக்கு

"இங்க முப்பத்தஞ்சாயிரம், அங்க எண்பதாயிரம்" என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு எண்ணும் உண்மையாக இருந்தாலும் இந்தக் கணக்கு பிழை. ஒப்பிட வேண்டியது இரண்டு வருட முடிவில் கையில் நிற்கும் மிச்சத்தை.

தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகை ஊக்கத்தொகை 200 சேர்த்து 1,750 என்று அறிவித்தது. மாதம் 20 பேர் (அதாவது 20 நாள் வேலை) விழுவதாக வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுச் சம்பளம் 1,000 றியால், ஒரு றியால் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான எண்கள். உங்கள் எண்களை அதே இடத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

*வெளிநாட்டுப் பக்கம், 24 மாதம்*

- சம்பளம் 80,000 × 24 = 19 இலட்சத்து 20,000
- பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு 10,000 × 24 = 2 இலட்சத்து 40,000 கழிவு
- உங்கள் போன், மருந்து, சவர்க்காரம், துணி 5,000 × 24 = 1 இலட்சத்து 20,000 கழிவு
- பயிற்சி, மெடிக்கல், கொழும்புப் பயணங்கள், அந்த நாட்களில் விழாத பேர் = 50,000 கழிவு
- மிச்சம்: 15 இலட்சத்து 10,000

*தோட்டப் பக்கம், 24 மாதம்*

- 1,750 × 20 நாள் × 24 = 8 இலட்சத்து 40,000
- தோட்டம் கட்டும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும், 1,550 ரூபாய் நாட்சம்பளத்தின் மேல் = 1 இலட்சத்து 11,600
- சேவைக்கால பணிக்கொடை, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் 28 நாள் = 43,400
- உங்கள் சாப்பாடு மாதம் 9,000 × 24 = 2 இலட்சத்து 16,000 கழிவு (அங்கே முதலாளி போடுவார்)
- மிச்சம்: 7 இலட்சத்து 79,000

வித்தியாசம் 7 இலட்சத்து 31,000. மாதத்துக்குப் பிரித்தால் 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். பேச்சில் நாற்பத்தஞ்சாயிரமாக இருந்த வித்தியாசம் கொப்பியில் முப்பதாயிரம் ஆகிவிட்டது. இரண்டு வருடத்தில் 3 மாதச் சம்பளம் வராமல் போனால் வித்தியாசம் 4 இலட்சத்து 91,000 ஆகக் குறையும். முற்பணத்தை நாம் வரவில் எழுதவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை அதைக் கடன் என்றே நினைப்பது நல்லது.

7 இலட்சம் சின்னப் பணமில்லை. நுண்கடனை அடைக்கும், வீடு கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும். அது போதுமா என்று கேட்பதற்கு முன், எதற்காகப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "3 இலட்சம் கடன் அடைக்க", "மகளை உயர்தரம் முடிக்க வைக்க" என்று எழுத முடிந்தால் எப்போது திரும்பலாம் என்பதும் தெரிந்துவிடும். "கஷ்டம் தீர" என்று மட்டும் எழுதினால் இரண்டு வருடம் ஆறு வருடமாகிவிடும்.

நாணய மாற்று விலையைப் பற்றியும் ஒரு சொல். 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த நேரத்தில் அனுப்பிய றியாலுக்கு இங்கே கூடுதல் ரூபாய் கிடைத்தது உண்மை. ஆனால் மாவும் பருப்பும் அதே வேகத்தில் ஏறின. ரூபாயில் கூடித் தெரிவதை இலாபம் என்று எழுதுவதற்கு முன் கடைக் கணக்கையும் பாருங்கள்.

4. ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் ஒப்பந்தம் கேளுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே இறங்கியதும் அரபியில் வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பது நடக்கிறது. இங்கே கையெழுத்திட்ட பிரதி வீட்டில் இருந்தால்தான் எது மாறியது என்று சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் இந்த ஆறும் இருக்க வேண்டும்:

- முதலாளியின் பெயர், முகவரி, தொலைபேசி
- சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், மாதத்தின் எந்த நாளில், வங்கிக்கா கையிலா
- ஒரு நாளைக்கு எத்தனை மணி வேலை, வாரத்தில் எந்த நாள் ஓய்வு
- ஒரு வீடா, அல்லது முதலாளியின் தாய் வீடு, மகள் வீடு என்று சுற்ற வேண்டுமா
- நோய்வாய்ப்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது
- திரும்பும் விமானச் சீட்டு யாருடையது

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. குவைத்தில் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுத் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு 12 மணிக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடம் 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை, வேலை முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று சொல்கிறது. கட்டாரில் 2017 இல் வீட்டுத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 றியால், அது வீட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். சவூதி 2021 இல் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியபோது வீட்டுத் தொழிலாளரை அதில் சேர்க்கவில்லை. லெபனானில் தொழிற்சட்டமே வீட்டுப் பணிப்பெண்ணைத் தொடாது. அதே சம்பளத்துக்கு இரண்டு நாடு வந்தால் சட்டம் உள்ள நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டம் தாளில் இருப்பது வேறு, மூடிய வீட்டுக்குள் அது நடப்பது வேறு. வளைகுடா நாடுகளில் உங்கள் விசா உங்களை அழைத்த முதலாளியோடு கட்டப்பட்டது. அவரை அங்கே கபீல் என்பார்கள். அவர் வீட்டை விட்டு நீங்களாக வெளியேறினால் உங்களை "ஓடிப்போனவர்" என்று எழுதிக் கொடுக்க அவரால் முடியும். ஆகவே பிரச்சினை வந்தால் தெருவுக்கு ஓடுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். தூதரகத்தின் இலக்கம் போனில் மட்டும் இருந்தால் போதாது, மனப்பாடமாக இருக்க வேண்டும். போன் பறிபோகலாம்.

உடம்பையும் மறக்க வேண்டாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்ந்த உடம்பு கோடையில் 45 பாகை தாண்டும் ஊருக்குப் போகிறது. நோன்பு மாதத்தில் சமையலறை இரவு முழுக்க விழித்திருக்கும். மெடிக்கலுக்குப் போகும்போது ஊசி போட வந்தால் என்ன ஊசி, எதற்கு என்று கேளுங்கள். கருத்தடை ஊசி என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

5. லயத்தில் யார் இருப்பார்கள்?

கணக்கில் ஏறாத செலவு இங்கேதான். வெளிநாட்டுக்குப் போக விரும்பும் தாயிடம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்கும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013 இல் வந்தது. குறைந்தபட்ச வயது 2022 இல் 21 ஆனது. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் இன்றைய நிலையைப் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கைக்குக் கையெழுத்து வாங்குவது ஒரு வேலை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தேடுவது வேறு வேலை.

குடும்பம் முழுக்க உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்:

- காலையில் பெரட்டுக்கு முன் பிள்ளைகளை எழுப்பிச் சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்?
- பாட்டிதான் என்றால் பாட்டிக்கு என்ன வயது? பாட்டி படுத்துவிட்டால் யார்?
- ஒரே காம்பராவில் யார் எங்கே படுப்பார்கள்? வயதுக்கு வந்த மகள் இருந்தால் அவளுக்கு எந்த இடம்?
- வீட்டில் குடிப்பவர் இருக்கிறாரா? அனுப்பும் பணம் அவர் கைக்குப் போனால் என்ன ஆகும்?
- மூத்த மகள் தம்பியைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டிவருமா?

கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்பது பதிலாக இருந்தால் கொப்பியை மூடிவிடுங்கள். மகளின் படிப்புக்காக அம்மா போகிறாள், அம்மா போனதால் மகளின் படிப்பு நிற்கிறது என்றால் அந்தப் பயணத்துக்கு அர்த்தமில்லை. பத்து வருடம் கழித்து அதே படியில் அதே தரகர் அந்த மகளைக் கேட்டு வருவார்.

பிள்ளையிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இரவோடு இரவாகப் போய்விட்டால் காலையில் அது பார்ப்பது வெறும் பாயைத்தான். எந்த நாளில் போவீர்கள், எந்த நாளில் பேசுவீர்கள், எப்போது வருவீர்கள் என்று நாட்காட்டியில் காட்டுங்கள்.

6. தோட்டத்தில் விட்டுப்போவது

நாம் குடியிருக்கும் காம்பரா வேலையோடு சேர்ந்தது. வீட்டில் செக்ரோலில் (தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில்) பெயருள்ளவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா என்று பாருங்கள். அப்படியானால் போவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் துரையைக் கண்டு, வீடு யார் பேரில் தொடரும் என்று எழுத்தில் கேளுங்கள். தோட்டத் தலைவரையும் கூட அழைத்துப் போங்கள். சம்பளமில்லாத விடுமுறை தருவார்களா, பெயர் வெட்டுவார்களா என்பதையும் அன்றே கேளுங்கள்.

பெயர் வெட்டப்படும் என்றால் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நீங்களாக விலகினாலும் உண்டு. சேமலாப நிதியைச் சாதாரணமாகப் பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும்தான் எடுக்கலாம். எனவே அங்கத்துவ இலக்கத்தையும் கடைசி மீதிப் பத்திரத்தையும் எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். இருபது வருடம் கழித்து இலக்கம் தெரியாமல் அலையும் கிழவிகள் எத்தனை பேர் என்று உங்கள் லயத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

7. வேறு வழி இருக்கிறதா?

இரண்டு பக்கக் கணக்கை மூன்று பக்கமாக்கிப் பார்ப்பதில் நட்டமில்லை. கொழும்பில் கடை, கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை என்றால் மாதம் ஒரு முறையாவது ஹட்டன் பஸ்ஸில் வீடு வந்து போகலாம். படித்த இளைஞர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. தென்கொரியாவின் தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுப்பது இரு அரசுகளுக்கிடையே நடக்கிறது. இங்கே பணியகம்தான் செய்கிறது, தனியார் ஏஜென்சிக்கு அதில் இடமில்லை. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தி பெற வேண்டும். "கொரியாவுக்கு நான் அனுப்புறேன்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுகிறார். ஜப்பானோடு 2019 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளுக்கு ஜப்பானிய மொழியும் தொழில் பரீட்சையும் முடித்தவர்கள் போகலாம்.

மொழி படிக்க ஒரு வருடமாகும். வீட்டுப் பணிப்பெண் விசா ஒரு மாதத்தில் கிடைக்கும். இப்போது அவசரம் என்பதால் இரண்டாவதை எடுக்கிறோம். 19 வயது மகனுக்கும் மகளுக்கும் அந்த அவசரம் இருக்க வேண்டியதில்லை.

8. போவதென்று முடிவானால்

1. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பணியகப் பதிவு, காப்புறுதி, விமானச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் இருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு கட்டு நகல் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.
2. இரண்டு வங்கிக் கணக்கு திறவுங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு. மற்றது உங்கள் பேரில் மட்டும், யாரும் எடுக்க முடியாதபடி. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இரண்டாவதற்குப் போகட்டும். திரும்பி வரும்போது உங்களுடையது என்று சொல்ல அதுதான் இருக்கும்.
3. உண்டியலில் அனுப்பாதீர்கள். வங்கி வழியே போன பணத்துக்குத்தான் சான்று உண்டு. சம்பளம் வரவில்லை என்று முறையிடும் நாளில் அந்தச் சான்று தேவைப்படும்.
4. வீட்டாரோடு ஒரு அடையாளச் சொல் பேசி வையுங்கள். பக்கத்தில் முதலாளி நிற்கும்போதும் அந்தச் சொல்லைச் சொன்னால் "இங்கே ஆபத்து" என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். புரிந்ததும் அவர்கள் அழைக்க வேண்டிய இலக்கம் 1989.
5. இரண்டு மாதம் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால் மூன்றாவது மாதம்வரை காத்திருக்காமல் முறைப்பாடு செய்வது என்று இங்கேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கள். அங்கே போனபின் அந்தத் துணிவு குறையும்.
6. திரும்பும் திகதியை நாட்காட்டியில் எழுதுங்கள். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் "இன்னும் ஒரு வருடம்" என்ற பேச்சு வரும். அப்போது எதற்காகப் போனோம் என்று எழுதிய அந்த ஒற்றை வரியை எடுத்துப் பாருங்கள்.

முடிவாக

உரிம இலக்கம் தர மறுத்தால், வருகை விசா என்றால், வயதையோ பெயரையோ மாற்றச் சொன்னால், ஒப்பந்தப் பிரதியை வீட்டில் விட மறுத்தால், பிள்ளைகளில் ஒருவர் படிப்பை நிறுத்த வேண்டிவந்தால் போக வேண்டாம். இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலே போதும், மற்றக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும் தேவையில்லை. ஐந்தும் இல்லை, கொப்பியில் மிச்சமும் நிற்கிறது, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க நம்பிக்கையான ஆளும் இருக்கிறார் என்றால் பயப்படாமல் போங்கள். அப்படிப் போய், கடனை அடைத்து, பிள்ளையைப் படிக்கவைத்து, சொன்ன திகதியில் திரும்பி வந்த பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் அவர்களில் ஒருவரைத் தேடிப்போய் ஒரு மாலைப்பொழுது பேசுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.